இசைத்தட்டு பதில்கள்: தொப்பிக் கம்பெனி மாடியில் ஒரு கைக்குழந்தை

சென்ற இதழில் போகிற போக்கில் ஜிம்மி ராட்ஜர்ஸ் என்ற அமெரிக்கப் பாடகரைப் பற்றி ஒரு வரி எழுதினேன். வந்த கடிதங்களைப் பார்த்தால் இந்தப் பகுதி முழுவதையும் அவருக்கும் அவர் காலத்து அமெரிக்க ‘கன்ட்ரி’ (நாட்டுப்புற) இசைக்கும் கொடுத்துவிட வேண்டியதுதான்.

அந்தப் பாட்டுகளை முதன்முதலில் ரெக்கார்டு செய்தது யார்? (வாசகர், கோவில்பட்டி)

எக் ராபர்ட்சன் என்ற டெக்சாஸ் பிடில்காரர் என்று வைத்துக்கொள்ளலாம். 1922 ஜூன் கடைசியில், ஹென்றி கில்லிலண்ட் என்ற பெரியவரையும் கூட்டிக்கொண்டு நியூயார்க் போய் விக்டர் ரெக்கார்டு கம்பெனியின் கதவைத் தட்டினார். இவர் கவ்பாய் உடையில். அவர் உள்நாட்டுப் போர்க்காலத் தென்மாநிலப் படையின் சீருடையில். பதிவு நடந்தது. ஆனால் இதில் காசு இருக்கிறது என்று விக்டருக்கு உறைக்கவில்லை.

உறைக்க வைத்தவர் அட்லாண்டாவின் போல்க் பிராக்மன். அந்நாளில் கிராமபோன் என்றால் பெரிய மரப்பெட்டி. மேஜை நாற்காலியோடு பர்னிச்சர் கடையில்தான் விற்கும். பிராக்மனுக்கு அப்படியொரு கடை. ரேடியோ வந்து ரெக்கார்டு வியாபாரம் படுத்துக்கொண்டிருந்த நேரம் அது. உள்ளூர் மனிதர் பாடினால் உள்ளூர்க்காரன் வாங்குவான் என்று கணக்குப் போட்டு, பிடிலர் ஜான் கார்சனைப் பதிவு செய்யும்படி ‘ஓகே’ (Okeh) என்ற ரெக்கார்டு கம்பெனியின் ரால்ப் பீரைக் கேட்டுக்கொண்டார். 1923 ஜூனில் பதிவு. கார்சன் பாடியது பீருக்குச் சகிக்கவில்லை. பிராக்மனுக்காக மட்டும் 500 தட்டுகள் அழுத்திக் கொடுத்தார். அவை விற்ற வேகத்தில் மறுபடி ஆர்டர் வந்தது! “இனி சாராயம் காய்ச்சுவதை விட்டுவிட்டு ரெக்கார்டு போட வேண்டியதுதான்” என்று கார்சன் சொன்னதாக ஒரு கதை உண்டு.

பிரிஸ்டல், பிரிஸ்டல் என்கிறார்களே, அங்கே அப்படி என்ன நடந்தது? (கல்லூரி மாணவி, திருச்சி)

பிரிஸ்டல் ஒரு விசித்திரமான ஊர். கடைத்தெருவின் நடுவே மாநில எல்லைக்கோடு போகிறது. ஒரு பக்கம் டென்னசி, மறுபக்கம் வர்ஜீனியா. டென்னசி பக்கம் ஒரு தொப்பிக் கம்பெனியின் கட்டடம். அதன் மாடியில்தான் 1927 ஜூலை 25 முதல் ஆகஸ்ட் 5 வரை, அதற்குள் விக்டருக்கு மாறியிருந்த பீர், 19 குழுக்களிடமிருந்து 76 பாட்டுகளைப் பதிவு செய்தார்.

முதலில் கூட்டமில்லை. ஏற்கெனவே பேர் வாங்கியிருந்த எர்னஸ்ட் ஸ்டோன்மன், முந்தைய வருடம் இந்தத் தொழிலில் 3,600 டாலர் சம்பாதித்தார் என்று உள்ளூர்ப் பத்திரிகையில் செய்தி வரும்படி பார்த்துக்கொண்டார் பீர். அப்புறம் என்ன, மலையிலிருந்து பஸ்ஸிலும் குதிரை வண்டியிலும் நடந்தும் ஜனங்கள் இறங்கிவிட்டார்கள்.

அப்படி வந்தவர்களில் கார்ட்டர் குடும்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும். ஏ.பி. கார்ட்டர், மனைவி சாரா, சாராவின் ஓரகத்தி மேபெல். மேபெலுக்கு 18 வயது, நிறைமாதத்தை நெருங்கிய கர்ப்பிணி. சாராவிடம் பால் குடிக்கும் கைக்குழந்தை. அதைப் பார்த்துக்கொள்ள எட்டு வயது மூத்த மகள். ஆகஸ்ட் 1 அன்று நான்கு பாட்டுகள். மறுநாள் காலையில் பெண்கள் இருவர் மட்டும் இரண்டு பாட்டுகள். அதில் ஒன்று, கல்யாணமாகாதவள் கடைக்குப் போய் வேண்டியதை வாங்குவாள், கல்யாணமானவள் தொட்டிலை ஆட்டிக்கொண்டு அழுவாள் என்கிற பாட்டு. சாராவுக்கு அதைப் பாடவே இஷ்டமில்லை, பீர்தான் விடவில்லை. கேட்டுப் பாருங்கள். சோகத்தை ஊட்டாமல், ஏதோ பக்கத்து வீட்டுச் சங்கதி போலச் சொல்லிக்கொண்டு போகிறார். ராட்ஜர்ஸ் ரசிகர்கள் கோபித்துக்கொண்டாலும் சரி, பிரிஸ்டலில் பதிவான குரல்களில் என் ஓட்டு சாராவுக்குத்தான்.

மேபெலின் கிடாரையும் விட்டுவிடாதீர்கள். கட்டைவிரல் கீழ்ஸ்தாயித் தந்திகளில் மெட்டை வாசிக்கும். மற்ற விரல் மேல் தந்திகளை உரசித் தாளம் போடும். ஒரே ஆள், இரண்டு வேலை.

ராட்ஜர்ஸ் வந்தது ஆகஸ்ட் 4. கூட வந்த குழுவோடு சண்டை போட்டுப் பிரிந்து, தனி ஆளாக இரண்டு பாட்டு பாடினார்.

டேப் இல்லாத காலத்தில் எப்படிப் பதிவு செய்தார்கள்? (ஓய்வுபெற்ற மின்வாரிய ஊழியர், ஈரோடு)

தடித்த மெழுகுத் தட்டில். 1925-இல் மைக் வந்துவிட்டதால் புனல் வாய்க்குள் கத்த வேண்டிய அவசியம் போயிற்று. மைக் பிடித்த ஒலியில் அதிர்கிற ஊசி மெழுகைக் கீறும். ஆனால் தட்டைச் சுழற்றியது மின்சாரம் அல்ல. கயிற்றில் கட்டித் தொங்கவிட்ட எடை. எடை ஒரே சீராக இறங்க, தட்டு ஒரே சீராகச் சுற்றும். உங்கள் துறையின் மின்சாரத்தை நம்பவில்லையே என்று வருத்தப்படாதீர்கள்! பத்து அங்குலத் தட்டில் மூன்று நிமிடம் போல்தான் இடம். இரவெல்லாம் நீளும் கதைப்பாட்டுகளுக்கு அங்கேதான் கத்தரி விழுந்தது. மெழுகைப் போட்டுக் கேட்டால் கீறல் அழிந்துவிடும் என்பதால், ஒவ்வொரு பாட்டையும் பெரும்பாலும் இரண்டு தடவை பாடச் சொல்வார்கள்.

இது வெள்ளைக்காரர்களின் இசை மட்டும்தானா? (வாசகர், மதுரை)

கம்பெனி கேட்டலாக் அப்படித்தான் சொன்னது. கறுப்பர் பாடினால் ஒரு வரிசை, வெள்ளையர் பாடினால் வேறு வரிசை. நிஜத்தில், ஏ.பி. கார்ட்டர் பாட்டுத் தேடி ஊர் ஊராக அலைந்தபோது மெட்டுகளை நினைவில் ஏற்றிக்கொண்டு கூடவே வந்தவர் லெஸ்லி ரிடில் என்ற கறுப்பினக் கலைஞர். ராட்ஜர்ஸின் ஒன்பதாவது ‘புளூ யோடல்’ பாட்டில் (1930) டிரம்பெட் வாசிப்பவர் லூயிஸ் ஆம்ஸ்ட்ராங். தட்டில் அவர் பெயரே கிடையாது.

நம் சந்திரபாபு தொண்டையை உடைத்து ‘யோடலிங்’ பாடுவாரே, அது ராட்ஜர்ஸ் கண்டுபிடித்ததா? (சினிமா ரசிகர், தூத்துக்குடி)

இல்லை. ஆல்ப்ஸ் மலைக்காரர்களுடையது அது. அமெரிக்கத் தட்டிலும் 1924-இலேயே ரைலி பக்கெட் என்ற பார்வையற்ற பாடகர் பாடிவிட்டார். ஆனால் உலகம் சுற்ற வைத்தவர் ராட்ஜர்ஸ். அண்ணன் அனூப் குமாரிடம் இருந்த ராட்ஜர்ஸ் தட்டுகளைக் கேட்டுத்தான் கிஷோர் குமார் பழகினார் என்பார்கள். கென்யாவின் கிப்சிகிஸ் மக்கள் ஒரு படி மேலே போய், ராட்ஜர்ஸைப் பாதி மனிதன் பாதி மானாக்கி ‘செமிரோச்சா’ என்று பெயரிட்டுப் பாட்டே கட்டிவிட்டார்கள். ஆப்பிரிக்க நாட்டுப்பாட்டுகளைச் சேகரித்த ஹியூ டிரேசி 1950-இல் அதைப் பதிவு செய்திருக்கிறார்.

பாடியவர்கள் பணக்காரர் ஆனார்களா? (வாசகி, சேலம்)

பிரிஸ்டலில் பாட்டுக்கு 50 டாலர் ரொக்கம், விற்பனையில் சிறு பங்கு. ராட்ஜர்ஸ் நன்றாகச் சம்பாதித்தார், நன்றாகச் செலவழித்தார். காசநோய் முற்றி 1933-இல், 35 வயதில் போய்விட்டார். ஏ.பி. கார்ட்டர் பிற்பாடு சொந்த ஊரில் மளிகைக் கடை வைத்தார். விவரமான ஆள் பீர்தான். விக்டரிடம் சம்பளம் வேண்டாம், பாட்டுகளின் பதிப்புரிமையை மட்டும் என் பொறுப்பில் விடுங்கள் என்று வாங்கிக்கொண்டவர். பின்னாளில் காமெலியா பூச்செடி வளர்ப்பதில் பதக்கமெல்லாம் வாங்கினார். அவர் தொடங்கிய பதிப்புரிமைக் கம்பெனி இன்னமும் குடும்பத்தார் கையில் நடந்துகொண்டிருக்கிறது.