தம்பிக்கும் வந்துவிடுமா?

கேள்வி: வணக்கம் டாக்டர். நாங்கள் ஜெர்மனியில், மியூனிக் நகரில் இருக்கிறோம். எங்கள் மகளுக்கு நாலு வயதில் டைப் 1 சர்க்கரை நோய் வந்தது. வாந்தி, மூச்சிரைப்பு என்று தூக்கிக்கொண்டு ஓடி, ஐ.சி.யூ.வில் சேர்த்த பிறகுதான் என்ன நோய் என்றே தெரிந்தது. இப்போது பையனுக்கு இரண்டு வயது ஆகப்போகிறது. அடுத்த செக்கப்பில் ‘ஃப்ரீடா’ என்ற ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளலாம் என்கிறார் குழந்தை மருத்துவர். ‘தடுக்க மருந்தே இல்லாதபோது தெரிந்து என்ன ஆகப்போகிறது’ என்கிறார் கணவர். தாய்ப்பால் போதாமல் மகளுக்குச் சீக்கிரமே பால் பவுடர் கொடுத்தேன். அதனால்தான் வந்தது என்கிறார் மாமியார். வாய்வழியாக இன்சுலின் கொடுத்துத் தடுக்கலாம் என்றும் எங்கேயோ படித்தேன். எதை நம்புவது?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, மியூனிக்

பதில்: பால் பவுடர் விஷயத்தை முதலில் முடித்துவிடுவோம் அம்மா. உங்கள் கடிதத்தில் அதிகம் வலித்தது அந்த வரிதான்.

அந்தச் சந்தேகம் உங்கள் மாமியாருக்கு மட்டும் வந்ததல்ல. பசும்பால் புரதம் சிறு வயதிலேயே உள்ளே போவதுதான் காரணமோ என்று மருத்துவ உலகமும் வெகுகாலம் யோசித்தது. ஃபின்லாந்து மருத்துவர்கள் முன்னின்று, 15 நாடுகளில் ‘ட்ரிகர்’ என்ற ஆய்வை நடத்தினார்கள். வீட்டில் நெருங்கிய ஒருவருக்கு டைப் 1 இருந்து, மரபணுவிலும் ஆபத்து உள்ள 2,159 கைக்குழந்தைகளை அதில் சேர்த்தார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான பால் பவுடர். மீதிப் பேருக்கு, பசும்பால் புரதத்தைத் துண்டு துண்டாக உடைத்துத் தயாரித்த சிறப்புப் பவுடர். பத்து வருடத்துக்கும் மேலாகக் கவனித்து 2018இல் முடிவை வெளியிட்டார்கள். சிறப்புப் பவுடர் குடித்தவர்களில் 8.4 சதவீதம் பேருக்கு நோய் வந்திருந்தது. சாதாரணப் பவுடர் குடித்தவர்களில் 7.6 சதவீதம். பவுடரை மாற்றியதால் எந்தப் பலனும் இல்லை. நீங்கள் பசித்த குழந்தைக்குப் பால் கொடுத்தீர்கள். நோய்க்கும் அதற்கும் முடிச்சுப் போட வேண்டாம். மாமியாரிடம் இதைச் சண்டையாகச் சொல்லாமல், உட்காரவைத்து இந்த இரண்டு எண்களைச் சொல்லுங்கள். பேத்தி மேல் உள்ள கவலைதான் அவரை அப்படிப் பேச வைக்கிறது.

சரி, பையனுக்கு வருமா? உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களை அழிப்பதுதான் டைப் 1. அதற்கு இடம் கொடுக்கும் மரபணுக்கள் குடும்பத்தில் ஓடுகின்றன. ஆனால் மரபணு இருந்தாலே நோய் வரும் என்பதில்லை. ஐரோப்பியக் கணக்குப்படி, உடன்பிறந்தவருக்கு டைப் 1 இருந்தால் இன்னொரு குழந்தைக்கு வரும் வாய்ப்பு 100க்கு 5 அல்லது 6. மற்ற வீடுகளில் அது 100க்கு 1கூட இல்லை. ஆக, உங்கள் பையனுக்கு ஆபத்து கூடுதல்தான். ஆனால் வராமலே போவதற்கான வாய்ப்பு அதைவிடப் பல மடங்கு பெரியது.

வாய்வழி இன்சுலின் பற்றி நீங்கள் படித்தது உண்மையான முயற்சிதான். ஜெர்மனி, போலந்து, ஸ்வீடன், பெல்ஜியம், பிரிட்டன் ஆகிய 5 நாடுகளில் ‘பாயின்ட்’ என்ற ஆய்வு நடந்தது. மரபணு ஆபத்து அதிகமுள்ள 1,050 குழந்தைகளை 4 முதல் 7 மாத வயதுக்குள் சேர்த்து, இன்சுலின் பவுடரையோ வெறும் பவுடரையோ தினமும் உணவில் கலந்து மூன்று வயதுவரை கொடுத்தார்கள். வயிற்றுக்குள் போகும் இன்சுலின் ரத்தச் சர்க்கரையைக் குறைக்காது. ‘இது எதிரியல்ல’ என்று எதிர்ப்புச் சக்திக்குச் சிறு வயதிலேயே பழக்கிவிடலாம் என்பதுதான் நோக்கம். எனக்கு அதில் பெரிய நம்பிக்கை இருந்தது. 2025இல் முடிவு வந்தது. நோயின் முதல் அறிகுறி, பீட்டா செல்களுக்கு எதிராக உடம்பே உண்டாக்கும் ஆன்டிபாடிகள் என்ற புரதங்கள். அவை தோன்றுவதை அது தடுக்கவில்லை. மரபணு வகையைப் பொறுத்துப் பலன் மாறலாம் என்ற ஒரு குறிப்பு அதில் கிடைத்திருக்கிறது. அதை இனிமேல்தான் சோதித்துப் பார்க்க வேண்டும். எனவே அந்தப் பவுடரைத் தேடி அலைய வேண்டாம். பாகற்காய்ச் சாறு, சூரணம் என்று ஊரிலிருந்து யாராவது அனுப்பினாலும் பையனுக்குக் கொடுக்காதீர்கள்.

இனி உங்கள் கணவரின் கேள்வி. தடுக்க முடியாததைத் தெரிந்து என்ன பயன்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்கான பதில், உங்கள் மகள் ஐ.சி.யூ.வில் கிடந்தாளே, அந்த இரவில் இருக்கிறது.

டைப் 1 ஒரே நாளில் வருவதல்ல. சர்க்கரை ஏறுவதற்குப் பல மாதங்கள், சில குழந்தைகளுக்குப் பல வருடங்கள் முன்பே ரத்தத்தில் ஆன்டிபாடிகள் வந்துவிடுகின்றன. மரபணு ஆபத்துள்ள குழந்தைகளில் 9 மாதத்திலிருந்து 2 வயதுக்குள் அவை முதலில் தலைகாட்டுவது அதிகம். ஒரே வகை மட்டும் இருந்தால் பெரும்பாலும் பயமில்லை. இரண்டோ அதற்கு மேலோ உறுதியானால் நோய் தொடங்கிவிட்டது என்றே அர்த்தம். அப்படிப்பட்ட குழந்தைகளில் சுமார் 70 சதவீதம் பேருக்குப் பத்து வருடத்துக்குள் இன்சுலின் தேவைப்படுகிறது. வெளியே பார்த்தால் குழந்தை ஓடியாடி விளையாடிக்கொண்டிருக்கும்.

உங்கள் பவேரியா மாநிலத்தில் 2015இல் தொடங்கிய ஃப்ரீடா திட்டம் தேடுவது இந்தக் கட்டத்தைத்தான். குழந்தையின் செக்கப்புகளைக் குறித்துவைக்கும் மஞ்சள் புத்தகத்தில் உள்ள வழக்கமான செக்கப்புக்குப் போகும்போதே விரலில் குத்திச் சில சொட்டு ரத்தம் எடுப்பார்கள். முதல் 90,632 குழந்தைகளில் 280 பேருக்கு நோய் இப்படி முன்கூட்டியே தெரிந்தது. அந்தக் குடும்பங்களுக்கு அறிகுறிகள் என்ன, சர்க்கரை பார்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்துக் கண்காணித்தார்கள். ஆய்வு முடிவு வெளியாகும்வரை அவர்களில் இரண்டே குழந்தைகளுக்குத்தான் ரத்தம் அமிலமாகும் கீட்டோ அசிடோசிஸ் வந்தது. பரிசோதனை இல்லாமல் திடீரென்று நோய் தெரியவரும் குழந்தைகளில், ஜெர்மனியிலேயே, ஐந்தில் ஒருவருக்கு மேல் அந்த நிலையில்தான் வருகிறார்கள்.

அந்த நிலையில் குழந்தை எப்படி இருக்கும் என்பதை நீங்கள் பார்த்தவர். நானும் நிறையப் பார்த்திருக்கிறேன். விலா எலும்பு தெரிய, ஆழமாக, வேகமாக மூச்சு வாங்கும். வீசிங் என்று நினைத்து நெபுலைசர் வைத்திருப்பார்கள். நெஞ்சில் ஸ்டெத் வைத்தால் நுரையீரல் சுத்தமாக இருக்கும். வாயில் பழம் புளித்த மாதிரி ஒரு வாடை. நாக்கு காய்ந்து உதட்டில் ஒட்டும். ஒரு சொட்டு ரத்தத்தில் சர்க்கரை பார்த்திருந்தால் முந்தின வாரமே தெரிந்திருக்கும். இதற்குப் பலியாகும் குழந்தைகளும் உண்டு. அதனால்தான் பரிசோதனை செய்துகொள்ளுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன். இத்தாலி இந்தப் பரிசோதனைக்காக 2023இல் சட்டமே இயற்றியிருக்கிறது.

மருந்தே இல்லை என்பதும் இப்போது முழு உண்மையல்ல. ‘டெப்லிசுமாப்’ என்ற மருந்தை 14 நாள் நரம்பு வழியாக ஏற்றினால் நோய் வெளிப்படுவது சராசரியாக இரண்டு வருடம் தள்ளிப்போவதை 2019இல் நிரூபித்தார்கள். அமெரிக்கா 2022 நவம்பரில் அனுமதி கொடுத்தது. அப்போது அனுமதித்தது 8 வயதுக்கு மேல், ஆன்டிபாடிகளோடு சர்க்கரையும் லேசாகத் தடுமாறத் தொடங்கியவர்களுக்கு. உங்கள் பையன் வயதுக்கு அந்த அனுமதி பொருந்தாது. ஆனால் ஊசியும் கணக்குமாகப் போகும் வாழ்க்கையில் ஒரு பிள்ளைக்கு இரண்டு வருடம் மிச்சமாவது சின்ன விஷயமா?

முடிவு நல்லபடியாக வந்தால் அதோடு விட்டுவிடாதீர்கள். ஆறு வயது வாக்கில் இன்னொரு முறை பார்க்க வேண்டும். அதற்கிடையிலும் தேவையா என்று உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். வேறு மாதிரி வந்தால், இரண்டாவது ரத்த மாதிரியில் உறுதி செய்யாமல் எதையும் நம்பாதீர்கள். அப்போது மனசு உடையும்தான். ஃப்ரீடா குழு அம்மாக்களின் மன அழுத்தத்தையும் அளந்து பார்த்தது; முதலில் கூடியது, ஒரு வருடத்துக்குள் வெகுவாகக் குறைந்துவிட்டது.

கேள்வி: எனக்கு 15 வயதிலிருந்து டைப் 1. மனைவி ஆறு மாத கர்ப்பிணி. குழந்தை பிறந்ததும் பரிசோதிக்க வேண்டுமா? தடுப்பூசிகளைத் தள்ளிப்போடலாமா?
– வாசகர், கும்பகோணம்

பதில்: அப்பாவுக்கு இருந்தாலும் ஆபத்து ஏறக்குறைய அதே 100க்கு 5, 6தான் தம்பி. பிறந்தவுடன் ஆன்டிபாடி பார்த்துப் பலனில்லை. ஆறு மாதத்துக்கு முன் அவை தோன்றுவது அபூர்வம். தமிழ்நாட்டில் ஃப்ரீடா மாதிரி அரசுத் திட்டம் இல்லை. இரண்டு வயதை ஒட்டி, பெரிய ஊரில் உள்ள குழந்தைகள் ஹார்மோன் நிபுணர் ஒருவரிடம் காட்டி, எந்த ஆன்டிபாடிகளைப் பார்ப்பது என்று கேளுங்கள். தடுப்பூசி ஒன்றைக்கூடத் தள்ளிப்போடாதீர்கள். அவற்றால் டைப் 1 வருவதில்லை.

குளுக்கோமீட்டர் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. குழந்தை அளவுக்கு மீறித் தண்ணீர் கேட்டாலோ, படுக்கையை நனைப்பதை விட்ட பிள்ளை மறுபடி நனைத்தாலோ, இளைத்தாலோ, சிறுநீர் போன இடத்தில் எறும்பு மொய்த்தாலோ, கையைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்துவிட்டு ஒரு ஸ்ட்ரிப்பில் பாருங்கள். விரலில் பழச்சாறு ஒட்டியிருந்தால் அளவு தப்பாகக் காட்டும். 200ஐத் தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே, குழந்தைகளுக்கு இன்சுலின் டிரிப் போடும் வசதி உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.