டீச்சர் வேலைல அர்த்தம் இருக்கா? 31 வருஷம் கணக்கு எடுத்தவ பதில் சொல்றேன், கேளுங்க

ரிட்டயர்டு ஆகி 2 வருஷம் ஆச்சு. டிரான்ஸ்பர், ப்ரமோஷன் கேள்வியெல்லாம் வேணாம், அது எனக்கு எப்பவுமே புரிஞ்சதில்ல.

கேள்வி: மேடம், 6 வருஷமா சயின்ஸ் எடுக்கிறேன். போர்டுல எழுதுறேன், பெல் அடிக்குது, கிளம்புறேன். எதுக்கு இங்க இருக்கேன்னே தெரியல.

எனக்கும் 9வது வருஷம் இப்படித்தான் இருந்துச்சு தம்பி. அப்ப ஒரு பையன் அரையும் மூணுல ஒண்ணும் கூட்டச் சொன்னா மேல மேலயும் கீழ கீழயும் கூட்டி 2/5னு எழுதுவான், நானும் தினம் சிவப்புல அடிச்சுட்டுப் போயிட்டே இருந்தேன். ஒருநாள் என்ன தோணுச்சோ பக்கத்துல உக்காந்து, "டேய், 2/5 அரையை விடப் பெருசா சின்னதா?"ன்னு கேட்டேன். ரொம்ப நேரம் பென்சிலைக் கடிச்சிட்டு இருந்தான், அப்புறம் "சின்னது மிஸ்... ஆனா அரையோட இன்னும் சேத்தா கூடத்தானே வரணும்?"னு அவனே நிமிந்து பாத்தான். அன்னிக்கு வீட்டுக்கு நடந்து போன களைப்பே தெரியல. டான் லோர்ட்டினு ஒரு சமூகவியலாளர் 1975லயே சொல்லிட்டாரு, டீச்சருங்களுக்குப் பெரிய திருப்தி சம்பளத்துலயோ பதவியிலயோ இல்ல, தன் வகுப்புப் பசங்களுக்கு ஏதோ ஒண்ணு போய்ச் சேந்துச்சுன்னு தெரியறதுலதான்னு. சிக்கல் என்னன்னா போய்ச் சேந்துச்சான்னு நாம பாக்கறதே இல்ல, போர்ஷனை முடிக்க ஓடறோம். வாரத்துக்கு ஒரு பிள்ளையோட நோட்டை மார்க் போடாம, எப்படி யோசிச்சிருக்குன்னு மட்டும் படிச்சுப் பாருங்க. பாத்ததை ரெண்டு வரி எழுதி வைங்க.

கேள்வி: பிஎட் முடிக்கப் போறேன். இதுதான் என் காலிங்னு எப்படித் தெரிஞ்சுக்கறது?

சேர்றதுக்கு முன்னாடி தெரியாதும்மா. 1997ல எமி ரெஸ்னெவ்ஸ்கினு ஒரு ஆய்வாளர் கேட்டப்ப, ஒரே மாதிரி ஆபீஸ் வேலை பாக்கறவங்களே ஏறக்குறைய மூணு பங்கா பிரிஞ்சாங்க: சம்பளத்துக்கு வெறும் வேலை, மேல போக ஒரு படி, இதுக்குத்தான் நான்னு நினைக்கிற அழைப்பு, அதாவது நீங்க சொல்ற காலிங்னு. அதனால காலிங் வேலைக்குள்ள மட்டும் உக்காந்திருக்கல. சேருங்க, பாருங்க.

கேள்வி: படிச்சுட்டுப் போன பசங்க பாத்தா ஒரு வணக்கம் கூட சொல்றதில்ல. மனசு விட்டுப் போச்சு.

நன்றிக்கு உண்டியல் வைக்காதீங்க. நம்ம வேலைக்கு அர்த்தம் குடுக்கறது பசங்க பொறுப்பு இல்ல, அதுங்களுக்கு ஏற்கனவே வீட்டுப்பாடம் இருக்கு.

கேள்வி: மோட்டிவேஷன் இல்ல, என்ன பண்ணலாம்?

முதல் பதில்.

கேள்வி: ஆசிரியர் பணி அறப்பணி, அதற்கே உன்னை அர்ப்பணின்னு சொல்லுவாங்க. நீங்க தொண்டைப் பத்தி ஒரு வார்த்தை பேசல. திருப்தி திருப்தின்னு சுயநலமா இருக்கே?

இதுக்குத்தான் காத்திருந்தேன். அந்த "அர்ப்பணி"யை நம்மகிட்ட அதிகமா சொல்றவங்க யாருன்னு கவனிச்சிருக்கீங்களா? கூடுதல் வேலையை நம்ம தலைல கட்டும்போதுதான் வரும். 1966ல யுனெஸ்கோவும் ஐஎல்ஓங்கிற சர்வதேச தொழிலாளர் அமைப்பும் சேந்து போட்ட பரிந்துரைல, கற்பித்தலை ஒரு தொழிலா மதிக்கணும்னே இருக்கு, சம்பளம் வேலைநேரம் எல்லாம் அதுல வருது. அக்டோபர் 5 உலக ஆசிரியர் தினமே அந்தப் பரிந்துரையை வச்சுத்தான்.

அவரே: அப்ப காசுக்குத்தான் வேலைன்னு சொல்றீங்க.

இல்ல சார். காசும் வேணும், அர்த்தமும் வேணும். ஒண்ணைக் காட்டி இன்னொண்ணைப் பிடுங்காதீங்கன்னுதான் சொல்றேன்.

அவரே: எங்க காலத்து வாத்தியார் எல்லாம் இப்படிப் பேசல.

பேசல. பல பேர் உள்ளுக்குள்ளயே வெந்து போனாங்க, அவங்க கூட ஸ்டாஃப் ரூம்ல உக்காந்தவ நான். போதும், அடுத்தது.

கேள்வி: ஞாயித்துக்கிழமை சாயங்காலமே படபடப்பு. தூக்கம் இல்ல. பசங்களைப் பாத்தாலே எரிச்சல்.

இதுக்கு நோட்டுல எழுதறது பத்தாது. மாஸ்லாக்னு ஒரு உளவியலாளர் பர்ன்அவுட்டுக்கு, அதாவது வேலையழுத்தத்துல மனசு கருகிப் போறதுக்கு, மூணு அடையாளம் சொல்றாங்க: வத்திப்போறது, எதிர்ல இருக்கறவங்களை மனுஷங்களா பாக்காம போறது, நம்மால எதுவும் ஆகலன்னு தோணறது. ரெண்டாவது உங்களுக்கு வந்துடுச்சு போல. முதல்ல டாக்டரைப் பாருங்க, லீவு போடுங்க. அர்த்தத்தை அப்புறம் தேடலாம்.

கேள்வி: ஆர்வம் குறைஞ்சுடுச்சு மேடம், டிப்ஸ் குடுங்க.

மேல படிக்காமலே கேக்கறீங்களே, உங்க கிளாஸ்ல பசங்க இப்படிக் கேட்டா விடுவீங்களா?

கேள்வி: அந்த 2/5 பையன் கடைசில கத்துக்கிட்டானா?

எங்க! முழுப் பரீட்சைல திரும்ப அதையே எழுதினான். ஆனா பக்கத்துல பென்சில்ல "அரையை விடக் கம்மி??"ன்னு எழுதி அழிச்சிருந்த தடம் இருந்துச்சு. அரை மார்க் போட்டேன்.