அந்தச் சேமலாப நிதியைத் தொட வேண்டாம்

ஹட்டனிலிருந்து ஒரு தாயார் எழுதிய கடிதத்தில் மகளைப் பற்றி நான்கு வரிகளும் மைத்துனரைப் பற்றி இரண்டு பக்கங்களும் இருந்தன. உயர்தரத்தில் உயிரியல் பிரிவில் சித்தியடைந்த மகளின் இசட் புள்ளி மருத்துவ பீடத்துக்கு எட்டவில்லை. ஆகவே கணவரின் சேமலாப நிதியை எடுத்துப் பிள்ளையை வெளிநாட்டில் டாக்டருக்குப் படிக்க வைக்கும்படி மைத்துனர் நெருக்குகிறாராம்.

அம்மா, உங்கள் கவலை எனக்குப் புரிகிறது. ஆனால் அந்த யோசனை தவறு. தோட்டத்தில் ஆயுள் முழுவதும் உழைத்துச் சேர்த்த பணம் அந்தப் படிப்புக்குக் காணாது; மீதிக்கு நகையும் வட்டிக்கடனும் போகும். பட்டத்துடன் திரும்பினாலும் இலங்கை மருத்துவச் சபையின் பரீட்சையில் சித்தியடைந்தால்தான் இங்கு தொழில் செய்யலாம். இதை மைத்துனர் சொன்னாரா?

மகளிடம் பேசினேன். டாக்டராவதைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. மஹரகமை புற்றுநோய் மருத்துவமனைக்குச் சிகிச்சைக்குப் போன பக்கத்து லயத்துச் சிறுவன் பிழைத்துவிட, அதே பெயருடைய மூளைக்கட்டி வந்த இன்னொரு பிள்ளை ஏன் இறந்தது என்றே கேட்டாள். அது நல்ல கேள்வி. அவள் சொன்ன கட்டி, சிறுமூளையில் தோன்றும் மெடுலோபிளாஸ்டோமா. அது ஒரே நோயன்று. மூலக்கூற்று அடிப்படையில் அதற்கு நான்கு முக்கிய பிரிவுகள் உண்டு. அவற்றுள் ஒன்றான டபிள்யூ.என்.டி. பிரிவில் சிகிச்சை பெறும் பிள்ளைகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டோர் ஐந்தாண்டு தாண்டி வாழ்கின்றனர். மூன்றாம் பிரிவில், கலங்களைப் பெருகத் தூண்டும் மிக் மரபணுவின் பிரதிகள் பெருகியிருந்தால் ஆபத்து மிக அதிகம். உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வகைப்பாடும் இந்த மூலக்கூற்று விவரங்களைக் கேட்கிறது. இவற்றைக் கண்டறிய, சத்திரசிகிச்சையில் எடுத்த திசுவை மெழுகில் பதித்து, மெல்லியதாகச் சீவி, நிறமேற்றி, டபிள்யூ.என்.டி. பிரிவின் அடையாளமாக பீட்டா-கட்டெனின் என்ற புரதம் கலத்தின் கருவுக்குள் புகுந்திருக்கிறதா என்று நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். மரபணுச் சோதனையும் செய்கிறார்கள். முடிவைக் கூறுபவர் நோயியல் நிபுணர்தான், ஆனால் அந்தச் சீவலும் நிறமும் பிழையானால் அவரால் எதையும் கூற முடியாது.

அந்த வேலைக்கான வாசல் பேராதனையில், உங்கள் ஊரிலிருந்து ஒரு பஸ் பயணத்தில் இருக்கிறது: மருத்துவ ஆய்வுகூட விஞ்ஞானம், நான்காண்டு சிறப்புப் பட்டம். அரச பல்கலைக்கழகமாதலால் கற்பித்தல் கட்டணம் இல்லை. மகாபொல புலமைப்பரிசிலுக்கும் விண்ணப்பிக்கலாம். ஆங்கிலத்தில்தான் கற்பிப்பார்கள் என்பதால், இப்போதிருந்தே அவள் அதைப் பழக வேண்டும். நுவரெலியா மாவட்டத்தின் கடந்த ஆண்டுகளின் வெட்டுப்புள்ளிகளையும் மகளின் இசட் புள்ளியுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.

பல்கலைக்கழக விண்ணப்பத்தில் கற்கைநெறிகளின் விருப்ப ஒழுங்கை மகளே எழுதட்டும். மைத்துனர் கேள்வி கேட்டால் என்னிடம் அனுப்பிவிடுங்கள்.