காட்டு சிம்பன்சிகளுக்கு அப்பா, அண்ணன், தங்கை என்ற உறவெல்லாம் தெரியுமா?

அம்மாவைத் தெரியும். கூடப் பிறந்தவர்களையும் தெரியும். அப்பா யார் என்பதில்தான் சிக்கல்.

பெங்களூரு அல்சூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடிக்கு நாட்டுக் குரங்குகள் வரும். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்து ஒன்றுக்கொன்று பேன் பார்க்கும். வயிற்றில் குட்டி தொங்கும் தாயைப் பார்த்தாலே என் மகள், "இதோட அப்பா எங்கம்மா?" என்பாள். அதற்குப் பதில் தேடப் போய்த்தான் சிம்பன்சிகளிடம் வந்து சேர்ந்தேன்.

மாடிக்கு வரும் குரங்குகளில் பெண்கள் பிறந்த கூட்டத்திலேயே தங்கிவிடும். ஆண்கள்தான் வளர்ந்ததும் வேறு கூட்டம் தேடிப் போகும். சிம்பன்சிகளிடம் இது தலைகீழ். ஆண் பிறந்த இடத்திலேயே கடைசிவரை இருக்கும். பெண்தான் பெரும்பாலும் பருவம் வந்ததும் கிளம்பும். போன இடத்தில் ஏற்கெனவே இருக்கும் பெண்கள் அடித்து விரட்டப் பார்க்கும். ஆண்களை அண்டி நின்றுதான் புதியவள் சமாளிக்க வேண்டும். நான் கல்யாணமாகி கிருஷ்ணகிரியிலிருந்து இந்த ஊருக்கு வந்தவள். இந்த இடத்தைப் படித்ததும் புத்தகத்தைக் கொஞ்ச நேரம் மூடி வைத்துவிட்டேன்.

சரி, அப்பா? ஒரு பெண் பல ஆண்களோடு சேரும். அதனால் தகப்பன் யாரென்று உறுதியாகச் சொல்ல, ஆய்வாளர்கள் மலத்தை எடுத்து டிஎன்ஏ பார்க்க வேண்டியிருக்கிறது. வளர்ப்பது முழுக்க அம்மாதான். குட்டி நாலைந்து வயதுவரை பால் குடிக்கும், அம்மா கட்டும் கூட்டிலேயே தூங்கும்.

தான்சானியாவின் கோம்பே காட்டில் 1960 முதல் சிம்பன்சி ஆய்வாளர் ஜேன் குடால் கவனித்துவந்த குடும்பங்களில் ஃப்ளோ என்ற தாயின் குடும்பம் முக்கியமானது. அவளுடைய மூத்த மகன் ஃபேபனுக்கு 1966இல் போலியோ வந்து ஒரு கை விளங்காமல் போனது. தம்பி ஃபிகன் 1973இல் கூட்டத்துக்குத் தலைவனானபோது, பக்கபலமாக நின்றது ஒற்றைக் கை அண்ணன்தான்.

அதற்கு முந்தைய வருடம் ஃப்ளோ இறந்துபோனாள். கடைசி மகன் ஃப்ளின்டுக்கு அப்போது எட்டு வயது கடந்திருந்தது. தானே இரை தேடித் தின்னும் வயதுதான். ஆனாலும் அவன் சாப்பாட்டை விட்டுவிட்டான், ஒடுங்கிப்போய், அம்மா செத்துக் கிடந்த ஓடைப் பக்கமே சுற்றி வந்தான். ஒரு மாதத்துக்குள் அவனும் போய்விட்டான். இதை 'வெறும் இயல்பூக்கம்' என்று யாராவது சொன்னால் எனக்கு ஏற்க முடியவில்லை.

அவர்கள் சாதுக்கள் என்றும் நான் சொல்லவில்லை. ஒன்றாக இருந்து பிரிந்த கூட்டத்தின் ஆண்களை, 1974இலிருந்து நான்கு வருடங்களில் ஒவ்வொருவராகத் தேடிப் போய் அடித்துக் கொன்றதும் இதே கோம்பே சிம்பன்சிகள்தான்.

ஆனால் என் மகளுக்கு நான் சொன்னது கோம்பேயின் மெல் என்ற ஆண் குட்டியின் கதை. 1987இல் நிமோனியா மாதிரி ஒரு காய்ச்சல் பரவி, மூன்று வயது மெல்லின் அம்மா இறந்தாள். அவனைப் பார்த்துக்கொள்ள அண்ணனோ அக்காவோ கூட இல்லை. அவனை எடுத்துக்கொண்டது ஸ்பிண்டில் என்ற பன்னிரண்டு வயதுப் பையன். அதே நோயில் தன் அம்மாவையும் இழந்தவன், மெல்லுக்கு உறவே இல்லாதவன். முதுகில் சுமந்தான், கேட்டால் சாப்பாடு கொடுத்தான், ராத்திரி கூட்டில் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டான். பெரிய ஆண்கள் ஆவேசமாக ஓடி வரும்போது அந்த வயதுப் பையன்கள் ஒதுங்கிவிடுவார்கள். மெல் குறுக்கே மாட்டிக்கொண்டால் ஸ்பிண்டில் உள்ளே பாய்ந்து தூக்கி வருவான். அதற்காக அவன் அடியும் வாங்கியிருக்கிறான். மெல் பிழைத்துக்கொண்டான்.