அந்தப் பூட்ஸைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், அம்மா

அன்புள்ள அம்மா,

தரம் பத்தில் படிக்கிற மகனின் உதைபந்தாட்ட பூட்ஸை ஒளித்து வைத்திருப்பதாகச் சொன்னீர்கள். கணித ரியூசனுக்கென்று வெளிக்கிட்டவன் மட்டக்களப்பு வெபர் மைதானத்தில் நிற்கிறான் என்று கேள்விப்பட்டால் எந்தத் தாய்க்கும் வயிற்றைக் கலக்கும்தான். ஆனாலும் முதலில் அதைக் கொடுத்துவிடுங்கள். ஒளித்து வைத்தால் அவன் வேறொருவனின் பூட்ஸில் ஆடுவான், உங்களிடம் எதையும் சொல்லவும் மாட்டான்.

உங்களோடு பேசியபோது ஒரு குடும்பம் நினைவுக்கு வந்தது. 1982 உலகக் கிண்ணத்தில் பிரேசில் அணிக்குத் தலைவராக இருந்தவர் சோக்கிரட்டீஸ். அவருடைய அப்பா வறுமையில் வளர்ந்து, தானாகவே படித்து முன்னுக்கு வந்தவர். மூத்த பிள்ளைகளுக்குக் கிரேக்கப் பெயர்கள் வைக்கும் அளவுக்குப் புத்தகத்தின் மேல் ஆசை. 1964இல் இராணுவம் ஆட்சியைப் பிடித்ததும் பயத்தில் அந்த மனுசன் தன் புத்தகங்களையே எரித்தார். பத்து வயது மகன் சோக்கிரட்டீஸ் அதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனே பிறகு ரிபெய்ராவோ பிரெட்டோ நகரில் மருத்துவம் படித்துக்கொண்டு, உள்ளூர்க் கழகத்துக்கும் ஆடினான். பட்டத்தை முடித்த பிறகுதான், 1978இல், கொரிந்தியன்ஸ் என்ற பெரிய கழகத்துக்குப் போனான். கடைசித் தம்பி ராயி 1994இல் உலகக் கிண்ணம் வென்ற அணியில் இருந்தார். பிறகு சக வீரர் ஒருவரோடு சேர்ந்து ஏழைப் பிள்ளைகளின் படிப்புக்கு அறக்கட்டளை தொடங்கினார்.

இதையும் மறைக்கக் கூடாது. சோக்கிரட்டீஸின் உடலைக் குடி கெடுத்தது. 2011இல், 57 வயதில் இறந்துபோனார். ஆகவே பட்டம் வாங்கினால் எல்லாம் சரியாகிவிடும் என்று மகனிடம் சொல்லாதீர்கள்.

இங்கே உதைபந்தாட்டத்தை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்துவது கஷ்டம். 2023 ஜனவரியில் உலக உதைபந்தாட்டச் சம்மேளனமான பீபா இலங்கையை இடைநிறுத்தியது. ஓகஸ்டில் தடை நீங்கும்வரை எவ்வளவு திறமைசாலிக்கும் நாட்டுக்காக ஆட வழியில்லை. பிள்ளைகள் செய்த பிழை ஒன்றுமில்லை, ஆனால் மாதங்கள் போனது அவர்களுக்குத்தான். அதனால் உயர்தரம் வரை படிப்பு நிற்கக் கூடாது. இதில் நான் உங்கள் பக்கம்.

அந்தப் படிப்பு பந்துக்குப் பக்கத்திலேயே இருக்கலாம். சப்ரகமுவ பல்கலைக்கழகத்தில் விளையாட்டு விஞ்ஞானம் பட்டப்படிப்பாகவே உண்டு. கல்வியியற் கல்லூரி வழியாக உடற்கல்வி ஆசிரியராகலாம். உயர்தரத்தில் தேவையான சித்திகளோடு தேசிய மட்டத்தில் திறமை காட்டியவர்களுக்குப் பல்கலைக்கழகத்தில் விசேட அனுமதியும் இருக்கிறது. அதற்குச் சான்றிதழ் வேண்டும். கரையான் அரித்த கடதாசியோடு வந்து நின்ற பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன், மனம் தாங்காது. கோட்ட மட்டப் போட்டிச் சான்றிதழானாலும் கோப்பில் போட்டு வையுங்கள்.

அப்புறம், அந்தக் கணித வகுப்பு. சனிக்கிழமைக் காலைக்கு மாற்ற முடியுமா என்று சேரிடம் கேட்டுப் பாருங்கள். அடுத்த முறை மகனையும் கூட்டி வாருங்கள். அவன் எந்த இடத்தில் ஆடுகிறான் என்று நீங்கள் இன்னும் எனக்குச் சொல்லவில்லை.