ஜப்பானில் ஆயிரம் யென்னுக்குக் குடித்துச் சாப்பிட முடியுமா? நின்றுகொண்டே குடிக்கும் கடைகள் எப்படி இருக்கும்?

முடியும். கேள்வி கேட்டவர் வேலை விஷயமாக டோக்கியோ வரப்போவதாகவும், தனி ஆள், மொழி தெரியாது, ஹோட்டல் பார் விலையைப் பார்த்து மலைத்துவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். ஹோட்டல் பாரை விட்டுவிட்டு, பக்கத்து ரயில் நிலையத்தின் பின்பக்கச் சந்துகளில் தாச்சினோமி கடை எங்கே என்று தேடுங்கள் என்பதுதான் என் பதில். நான் டோக்கியோவில் வேலை பார்க்கிறேன். இந்த ஊரில் எனக்கு ரொம்பப் பிடித்த இடங்கள் இவை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தாச்சினோமி என்றால் நாற்காலியே இல்லாத குடிக்கடை. நெஞ்சு உயரத்துக்கு நீளமான ஒரு மரக் கவுண்டர். உள்ளே கடைக்காரர், வெளியே தோளோடு தோள் உரச வாடிக்கையாளர்கள். இன்னும் எளிய கடை என்றால் பீர் பாட்டில் வரும் பிளாஸ்டிக் கிரேட்டுகளைக் கவிழ்த்து அடுக்கி மேலே ஒரு பலகையைப் போட்டிருப்பார்கள், அதுதான் மேசை. சுவர் முழுக்கக் காகிதத் துண்டுகளில் கையால் எழுதிய விலைப்பட்டியல் தொங்கும்.

விலைவாசி ஏறிவிட்ட இந்த நாளிலும் ஷோச்சு என்ற ஜப்பானியச் சாராயத்தில் சோடா கலந்த சூஹாய் 300 முதல் 400 யென்னுக்குக் கிடைக்கிறது. பீர் கொஞ்சம் கூட, 400 முதல் 500 வரை. உருளைக்கிழங்கு சாலட், டோஃபு, ஒரு சின்னத் தட்டில் மீன் என்று சைடு டிஷ்கள் 200, 300 யென். ஆக இரண்டு ரவுண்டு, ஒன்றோ இரண்டோ தட்டு என்று ஆயிரம் யென்னை ஒட்டி முடித்துக்கொள்ளலாம். நம் காசுக்கு ஐந்நூற்றைம்பது, அறுநூறு ரூபாய். இப்படிக் கையைக் கடிக்காத கடைகளை இங்கே சென்பெரோ கடைகள் என்பார்கள். இணையத்தில் கடை தேடும்போது அந்தச் சொல்லைப் போட்டாலே வரிசையாக வந்து நிற்கும்.

இந்த விலைக்கு எப்படிக் கட்டுப்படியாகிறது என்பது தெரிந்துவிட்டால், அங்கே எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும். மட்டமான சரக்கு என்று நினைத்துவிடாதீர்கள். பக்கத்து நல்ல கடையில் வரும் அதே பீர், அதே விஸ்கிதான் இங்கேயும். நீங்கள் மிச்சம் பிடிப்பது இடத்துக்கான காசை. உட்கார்ந்து குடிக்கும் இசகாயாவில் கால் வைத்ததுமே ஒத்தோஷி என்று ஒரு சின்னக் கிண்ணம் கேட்காமலே வந்துவிடும். அதற்கு ஆளுக்கு 300 முதல் 500 யென் பில்லில் ஏறும். அது நாற்காலிக்கான வாடகை மாதிரி. நின்று குடிக்கும் கடைகளில் பெரும்பாலும் அது கிடையாது. பத்துப் பேர் உட்காரும் இடத்தில் இருபது பேர் நிற்கிறார்கள். நிற்பவர் அரை மணி, முக்கால் மணியில் கிளம்பிவிடுவார், அந்த இடத்துக்கு அடுத்தவர் வந்துவிடுவார். கடையில் ஒருவர், மிஞ்சினால் இரண்டு பேர் வேலை செய்வார்கள். வாடிக்கையாளர் சீக்கிரம் வந்து, கொஞ்சமாகக் குடித்து, கணக்காகக் கிளம்புவதால்தான் அந்த 300 யென் சூஹாய் 300 யென்னில் நிற்கிறது. விலையைக் கடைக்காரர் மட்டும் காப்பாற்றவில்லை, பக்கத்தில் நிற்கும் ஒவ்வொருவரும் சேர்ந்து காப்பாற்றுகிறார்கள். எனக்கு இந்தக் கடைகள் மேல் இவ்வளவு பிரியம் வந்ததே இதனால்தான்.

இது இன்று நேற்று வந்த பழக்கமும் இல்லை. டோக்கியோவுக்கு எடோ என்று பேர் இருந்த காலத்தில், 1596இல், கோட்டை கட்டுமானப் பொருட்கள் படகில் வந்து இறங்கும் கரையோரம் தொஷிமாயா என்ற மதுக்கடை தொடங்கியது. பின்னாளில் அவர்கள் சாக்கே என்ற அரிசி மதுவைக் கிட்டத்தட்ட வாங்கிய விலைக்கே ஊற்றிக் கொடுத்தார்கள். லாபம் காலிப் பீப்பாயை விற்பதில். கூடவே மிசோ என்ற சோயா விழுது தடவிச் சுட்ட பெரிய டோஃபுத் துண்டுகள். கூலிக்காரர்களும் சுமை தூக்குவோரும் அங்கேயே நின்று குடித்துவிட்டுப் போனார்கள். ஜப்பானியக் குடிக்கடை மரபு இங்கிருந்துதான் கிளம்பியது என்று சொல்வார்கள். அந்த நிறுவனம் இன்னும் இருக்கிறது. 2020இல் கந்தா பகுதியில் மறுபடி ஒரு நின்று குடிக்கும் கடையைத் திறந்தார்கள். டோக்கியோ வருபவர்கள் அங்கே ஒரு மாலை போய்வரலாம்.

இன்னொரு கிளை காக்குஉச்சி. இது பார் இல்லை, பாட்டில் விற்கும் சில்லறை மதுக்கடை. கடையின் ஒரு ஓரத்தில் நின்று, வாங்கிய சரக்கை அங்கேயே குடித்துக்கொள்ளலாம். உணவகத்துக்கான அனுமதி இல்லாத கடை என்றால் சமைத்து எதுவும் தரக் கூடாது. அதனால் டப்பா மீன், உலர்ந்த கணவாய், கடலை, சிப்ஸ் என்று அலமாரியில் இருப்பதை எடுத்துத்தான் கொறிக்க வேண்டும். கிட்டத்தட்டச் சில்லறை விலையிலேயே குடிக்கலாம் என்பது இதில் ஆதாயம். தெற்கே கியூஷூ தீவில் இருக்கும் கிட்டாகியூஷூ நகரம் இதற்குப் பேர்போனது. அங்கே 1901இல் யஹாத்தா எஃகு ஆலை ஓடத் தொடங்கியது. உலை அணையக் கூடாது, எனவே இரவும் பகலும் ஷிஃப்ட். இரவு ஷிஃப்ட் முடித்து வெளியே வருபவருக்கு அந்தக் காலைதான் சாயங்காலம். ஆலையிலிருந்து வீட்டுக்குப் போகிற வழியில் மதுக்கடையில் ஒரு கிளாஸ் போட்டுவிட்டுப் போய்த் தூங்குவார்கள். காலையில் குடிப்பவரைப் பார்த்தால் நமக்கு உடனே ஒரு முடிவுக்கு வரத் தோன்றும். அந்த ஊரில் அவர் பெரும்பாலும் எட்டு மணி நேரம் உலை முன்னால் நின்றுவிட்டு வந்தவராக இருந்திருப்பார்.

கடைக்குள் போனதும் என்ன செய்வது? கதவைத் திறந்து ஒரு விரலைக் காட்டினால் போதும், தனி ஆள் என்று புரிந்துகொண்டு இடம் காட்டுவார்கள். தனியாக வருபவர்தான் இங்கே வசதியான வாடிக்கையாளர். இரண்டு பேர் பரவாயில்லை. நாலைந்து பேராகப் போவது சரிவராது, பல கடைகளில் வாசலிலேயே மறுத்துவிடுவார்கள். போனவுடன் முதலில் குடிக்க எதையாவது சொல்லிவிடுங்கள், சாப்பாடு பிறகு. பீர், ஹைபால், லெமன் சவர் என்பவை அப்படியே சொன்னாலே புரியும். சைடு டிஷ்ஷுக்குப் பக்கத்தில் இருப்பவர் தட்டைக் காட்டினால் போதும், அதில் யாரும் தப்பாக நினைப்பதில்லை. கூப்பிட வேண்டுமென்றால் "ஸுமிமாசென்".

காசு கொடுக்கும் முறை பல பழைய கடைகளில் வேறு மாதிரி இருக்கும். கவுண்டரில் உங்கள் முன்னால் ஒரு சின்னத் தட்டோ மூங்கில் கூடையோ வைப்பார்கள். அதில் ஒரு ஆயிரம் யென் நோட்டைப் போட்டுவிட வேண்டும். கிளாஸ் வரும்போது கடைக்கார அம்மா நோட்டை எடுத்துக்கொண்டு மீதிச் சில்லறையை அதே தட்டில் வைப்பார். அடுத்த தட்டு வரும்போது அதிலிருந்து இரண்டு நாணயம் போகும். நீங்கள் பேசிக்கொண்டிருக்கலாம், தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துக்கொண்டிருக்கலாம், அவர் கை சரியான தொகையை மட்டும் எடுக்கும். ஒருவரை ஒருவர் முன்பின் தெரியாத இடத்தில் கவுண்டர் முழுக்கக் காசு திறந்து கிடக்கிறது, கழிவறைக்குப் போனாலும் அப்படியே கிடக்கிறது. எவ்வளவு செலவாகியிருக்கிறது என்று கண் முன்னாலேயே தெரிவதால் அளவு மீறுவதும் குறைவு. தட்டு காலியானால் கிளம்பும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம், பெரும்பாலானவர்கள் அடுத்த நோட்டைப் போடுவதில்லை.

கூட்டம் ஏறினால் ஒரு அழகான காட்சி நடக்கும். கவுண்டரைப் பார்த்து நேராக நின்றவர்கள் எல்லோரும் ஒருவர் பின் ஒருவராக உடம்பைத் திருப்பி, ஒரு தோளை மட்டும் கவுண்டர் பக்கம் கொடுத்துச் சாய்வாக நிற்பார்கள். யாரும் உத்தரவு போடுவதில்லை. எட்டுப் பேர் நின்ற இடத்தில் இப்போது பத்துப் பதினோரு பேர் நிற்கலாம். இப்படி நிற்பதை "டார்க்" என்பார்கள். 1951இல் தொடங்கிய டார்க் டக்ஸ் என்ற நால்வர் பாட்டுக் குழு மேடையில் இப்படிச் சாய்ந்து வரிசைகட்டி நின்று பாடும், அந்த ஞாபகம். புதிதாக வந்தவருக்கு இடம் விட்டு நீங்களும் தோளைத் திருப்பினால், பக்கத்தில் இருக்கும் பெரியவர் லேசாகத் தலையசைப்பார். மொழி தெரியாதவருக்கு இதைவிட நல்ல அறிமுகம் வேண்டாம்.

குடிக்க என்ன என்று கேட்டால், டோக்கியோவில் ஒரு முறையாவது ஹொப்பி சொல்லுங்கள். போருக்குப் பிறகு பீர் எட்டாத விலையில் இருந்த 1948இல் வந்தது. பீர் சுவை, ஆல்கஹால் வெறும் 0.8 சதவீதம். அதை ஷோச்சு ஊற்றிய கிளாஸில் கலந்து குடிக்க வேண்டும். ஷோச்சு தீர்ந்தால் "நாக்கா", ஹொப்பி தீர்ந்தால் "சோத்தோ" என்று தனித்தனியாகச் சொல்லலாம். ஒரு பாட்டிலில் இரண்டு, மூன்று நாக்கா ஓட்டுவார்கள். பார்க்க பீர் மாதிரி இருந்தாலும் ஏறுவது ஷோச்சு என்பதை மறந்துவிட வேண்டாம்.

எங்கே போவது? டோக்கியோவில் அலுவலக ஆட்கள் கூட்டத்தைப் பார்க்க ஷிம்பாஷி, பகலிலேயே தொடங்க உவேனோ. எனக்கு அகாபானே. அங்கே சந்தைத் தெருவில் மாருகென் சூய்சான் என்ற ஓதென் கடை இருக்கிறது. மீன் கூழில் செய்த உருண்டைகள், முள்ளங்கி, முட்டை எல்லாம் குழம்பில் மிதக்கும், வாசலில் நின்று சாப்பிட வேண்டும். கூடவே மாரு மசமுனே என்ற கிளாஸ் சாக்கே. அடியில் கொஞ்சம் மிச்சம் வைத்துக் கொண்டுபோய்க் கொடுத்தால், சில்லறைக் காசுக்குச் சுடச்சுட ஓதென் குழம்பை அதில் ஊற்றி, காரப்பொடி தூவித் தருவார்கள். குளிர்காலத்தில் ரசம் குடிக்கிற சுகம். அந்த சாக்கேயைக் காய்ச்சிய கொயாமா ஆலை அகாபானேயிலேயே இருந்தது. அந்த ஆலை 2018இல் மூடப்பட்டது. இப்போது உறவுக்காரர்களின் ஆலை ஒன்று பக்கத்து மாகாணமான சைத்தாமாவில் அதே பெயரில் காய்ச்சுகிறது. இன்னொரு பழைய குடிக்கடைப் பகுதியான தாத்தெய்ஷியில், நிலைய வடக்கு வாசல் சந்துகளை மறுசீரமைப்புக்காக 2023இல் காலி செய்துவிட்டார்கள். மனசு கனக்கிறது. இந்தக் கடைகள் பழைய கட்டடம், குறைந்த வாடகையில் பிழைப்பவை. புது அடுக்குமாடியின் தரைத்தளத்துக்கு மாறினால் அந்த விலை திரும்பி வராது. போக நினைப்பவர்கள் தள்ளிப்போடாமல் போய்விடுங்கள்.

ஒசாகாவில் மக்கள் இன்னும் கலகலப்பு, வெளிநாட்டவரிடம் தாங்களே பேச்சுக் கொடுப்பார்கள். தென்மா, கியோபாஷி, ஷின்செகாய் மூன்றும் நல்லவை. அங்கே குஷிகாட்சு எனப்படும், குச்சியில் செருகிப் பொரித்த துண்டுகளைப் பொதுச் சாஸில் ஒரு தடவைதான் முக்கலாம், கடித்த பிறகு மறுபடி முக்கக் கூடாது. கொரோனாவுக்குப் பிறகு பல கடைகளில் சாஸ் பாட்டில் வந்துவிட்டது.

சைவர்களுக்கும் மாட்டிறைச்சி தவிர்ப்பவர்களுக்கும் ஒரு எச்சரிக்கை. ஓதென் குழம்பில் மீன்சாறு உண்டு. நிக்கோமி என்ற குழம்பு மாட்டுக் குடலோ பன்றிக் குடலோ. ஒசாகாவில் பல குஷிகாட்சு கடைகள் பொரிப்பது மாட்டுக் கொழுப்பில். உருளைக்கிழங்கு சாலட்டில் ஹாம் ஒளிந்திருக்கும். டோஃபு மேல் மீன் சீவல் தூவியிருப்பார்கள், "கத்ஸுஒபுஷி நாஷி" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். எதமாமே என்ற வேகவைத்த பச்சை சோயா, வெட்டிய தக்காளி, வெள்ளரி, இவை பெரும்பாலும் எங்கும் கிடைக்கும்.

பெண்கள் தனியாகப் போகலாமா என்று பின்னூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார். இப்போது தனியாக நின்று குடிக்கும் பெண்கள் டோக்கியோவிலும் ஒசாகாவிலும் சகஜம். பழைய ஆண்கள் கூட்டமாகத் தெரிந்தால் அடுத்த கடைக்குப் போகலாம், பக்கத்திலேயே இன்னொன்று இருக்கும். புகை மட்டும் தொல்லை. 2020 ஏப்ரலில் கடைக்குள் புகைக்கத் தடை வந்தாலும், பழைய சிறு கடைகளுக்கு விலக்கு இருக்கிறது.

சட்ட விஷயம் இரண்டு. குடிக்கும் வயது 20. வயதுவந்தோர் வரம்பை 2022இல் 18 ஆக்கியபோதும் இதைக் குறைக்கவில்லை. குடித்துவிட்டு ஓட்டக் கூடாது என்பது சைக்கிளுக்கும் உண்டு. 2024 நவம்பரிலிருந்து போதை லேசாக இருந்தாலே மூன்று ஆண்டு வரை சிறை அல்லது ஐந்து லட்சம் யென் வரை அபராதம். ரயிலில் வாருங்கள், கடைசி ரயில் நள்ளிரவை ஒட்டிப் போய்விடும்.

ஏற்கெனவே வேறெங்காவது நன்றாகக் குடித்துவிட்டுத் தள்ளாடிக்கொண்டு நுழையாதீர்கள், பல கடைகளில் விட மாட்டார்கள். படம் எடுப்பதானால் உங்கள் கிளாஸோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பக்கத்தில் நிற்பவர் முகம் வேண்டாம். அட்டை வாங்காத கடைகள் நிறைய, ஆயிரம் யென் நோட்டுகளாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். கிளம்பும்போது தட்டில் இருக்கும் சில்லறையை முழுவதும் எடுத்துக்கொள்ளலாம். ஜப்பானில் டிப்ஸ் வைக்கும் பழக்கம் இல்லை. விட்டுவிட்டுப் போனால், மறந்துவிட்டீர்கள் என்று நினைத்து எடுத்துக்கொண்டு பின்னாலேயே ஓடி வருவார்கள்.