சின்ன இணையக் கடைக்கு யுபிஐ போதுமா, பேமெண்ட் கேட்வே வேண்டுமா?

குடியாத்தத்தில் லுங்கியும் துண்டும் விற்க வலைத்தளம் தொடங்குகிறேன், பணம் வாங்க எது நல்லது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் வேலூரிலிருந்து ஆரணிப் பட்டுச்சேலை விற்கிறவன். ஆர்டர்கள் நாளைக்கு நாலைந்தாக இருக்கும் வரை யுபிஐ போதும். அதைத் தாண்டினால் யோசிக்காமல் கேட்வே, அதாவது கார்டு, யுபிஐ எல்லாவற்றையும் உங்கள் தளத்திலேயே வசூலித்துத் தரும் சேவை, போட்டுவிடுங்கள்.

எல்லோரும் முதலில் கட்டணத்தைத்தான் பார்க்கிறார்கள். நேரடி யுபிஐக்கு 2020 ஜனவரியிலிருந்து எம்டிஆர் (பணம் வாங்கும் வியாபாரியிடம் பிடிக்கும் கட்டணம்) கிடையாது. 350 ரூபாய் லுங்கிக்கு 350-ம் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். கேட்வே என்றால் பொதுவாக 2 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி. அதே லுங்கிக்கு 8 ரூபாய் 26 காசு வரை போகும். என் 6,000 ரூபாய்ச் சேலைக்கு 141 ரூபாய் 60 காசு. கேட்வே வழியாக வரும் யுபிஐக்கும் பல நிறுவனங்கள் சேவைக் கட்டணம் எடுப்பதுண்டு. ரீஃபண்ட் கொடுத்தால் அந்தக் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது. இந்த இரண்டையும் கேட்வேயில் சேருமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆனால் லுங்கி வியாபாரத்தில் உங்களைக் களைக்க வைக்கப் போவது இந்த எட்டு ரூபாய் இல்லை. யார் பணம் எந்த ஆர்டருக்கு என்று தேடுவதுதான். ஒரே மாலையில் மூன்று பேர் தலா 350 ஜிபே பண்ணுவார்கள். ஒருவர் பணம் மனைவி பெயரில் வரும், இன்னொருவருடையது தம்பி பெயரில் வரும். "பணம் போட்டாச்சுண்ணா, ஸ்க்ரீன்ஷாட் பாருங்க" என்று வாட்ஸப்பில் செய்தி வரும். அந்தப் படத்தை நம்பிச் சரக்கை அனுப்பவே கூடாது. அதைப் போலியாகத் தயாரிக்க ஒரு நிமிடம் போதும். 12 இலக்க யுடிஆர் எண்ணை (ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் உள்ள தனி அடையாள எண்) வாங்கி, உங்கள் வங்கிக் கணக்கில் அந்தத் தொகை வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். வீட்டுக் கணக்கோடு கலக்காமல் கடைக்கென்று தனிக் கணக்கு வைத்தால் இது பாதி சுலபம். தொகையும் ஆர்டர் எண்ணும் முன்பே நிரப்பிய கியூஆரைத் தளம் காட்டும்படி செய்தால் இன்னும் நல்லது.

கேட்வேக்குக் கொடுக்கும் காசு இந்தத் தேடலை நிறுத்தத்தான். பணம் வந்ததும் அதன் சர்வர் உங்கள் தளத்துக்கு வெப்ஹுக் (சர்வரிலிருந்து சர்வருக்குத் தானாகப் போகும் செய்தி) வழியாகத் தகவல் சொல்லும், ஆர்டர் தானாகவே 'பணம் பெறப்பட்டது' என்று மாறும். தளம் செய்து தருபவரிடம் இதை அழுத்திச் சொல்லுங்கள்: வாடிக்கையாளரின் பிரௌசர் திரும்பி வரும் பக்கத்தை மட்டும் வைத்து ஆர்டரை உறுதி செய்யக் கூடாது, வெப்ஹுக்கின் கையொப்பத்தை, அதாவது செய்தி கேட்வேயிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் குறியீட்டை, சரிபார்த்த பிறகே செய்ய வேண்டும். பணம் கட்டிவிட்டு யுபிஐ ஆப்பிலேயே நின்றுவிடுகிறவர்கள் நிறைய. அவர்கள் பிரௌசர் உங்கள் தளத்துக்குத் திரும்பி வரவே வராது, பணம் மட்டும் வந்திருக்கும்.

கேஷ் ஆன் டெலிவரி? ஆரம்பத்தில் வேண்டாம் என்பேன். 350 ரூபாய்ச் சரக்கை வாங்க மறுத்தால் போக வர கூரியர் செலவு உங்கள் தலையில் விழும், லாபம் முழுக்க அதிலேயே போகும். கேட்கிறவரிடம் கூரியர் காசை மட்டும் முன்பணமாக வாங்கிக்கொண்டு அனுப்பலாம்.

நம் பக்கத்துக்கென்று ஒரு விஷயம் உண்டு. வேலூர் சிஎம்சி மருத்துவமனைக்கு வைத்தியத்துக்கு வரும் வங்காளக் குடும்பங்கள் ஊருக்குப் போன பிறகும் ஆர்டர் கொடுப்பார்கள். கொல்கத்தாக்காரருக்கு யுபிஐ சரிப்படும். வங்கதேசத்தவர் என்றால் வெளிநாட்டு கார்டு வேண்டும். அதற்குக் கேட்வேயில் தனி அனுமதி, கூடுதல் கட்டணம், கூடவே ஏற்றுமதி செய்கிறவர் அரசிடம் வாங்க வேண்டிய ஐஇசி எண். அதை முதல் வருடத்தில் தொடாதீர்கள்.

எந்த கேட்வே என்றாலும், ரிசர்வ் வங்கி அனுமதி பெற்ற பேமெண்ட் அக்ரிகேட்டர் (வியாபாரிகளுக்காகப் பணம் வசூலித்துத் தரும் நிறுவனம்) தானா என்று ரிசர்வ் வங்கியின் தளத்தில் உள்ள பட்டியலில் பாருங்கள். பணம் உங்கள் கணக்குக்கு வர ஓரிரு வேலை நாள் ஆகும். நெசவாளருக்குச் சனிக்கிழமை கூலி கொடுப்பவராக இருந்தால் அதை இப்போதே கணக்கில் வையுங்கள். பான், வங்கி விவரத்தோடு தளத்தில் ரீஃபண்ட் விதி, டெலிவரி விதி, தொடர்பு முகவரி ஆகிய பக்கங்களும் இருக்கிறதா என்று கேட்வேக்காரர்கள் பார்ப்பார்கள். அவற்றை எழுதி முடித்துவிட்டே விண்ணப்பம் போடுங்கள்.